பூனைக்குச் சுகர்: ஆஸ்பத்திரி எண்ணா, வீட்டு எண்ணா?

பட்டாபிராமில் வளரும் பூனைக்குப் பெரிய பரிசோதனை தேவைப்பட்டால், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும். கூடையில் அடைத்து, ஆவடி, அம்பத்தூர் நெரிசலைக் கடந்து, நாய்கள் குரைக்கும் வரிசையில் காத்திருந்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரையோடு பூனையின் பயமும் கலந்திருக்கும். மிரண்ட பூனையின் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள், கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட அளவு டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாம். கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஜாக்கி ராண்ட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளைத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டி அளந்து பார்த்தார்கள். எவ்வளவு திமிறியதோ அவ்வளவு ஏறியது. (குளிப்பாட்டியவர்களின் கைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.) ஆகவே இன்சுலின் போடும் பூனைக்கு வீட்டில் எடுக்கும் அளவே சிகிச்சைக்கு அடிப்படை. அதை வசதியுள்ளவர்களின் அதீதச் செல்லம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நமக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதுதான். உடல் பருத்து, இன்சுலின் இருந்தும் வேலை செய்யாமல், கணையத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. ஆனால் சீக்கிரமே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், பல பூனைகளின் கணையம் தேறி, ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. கிர்ஸ்டன் ரூம்ப்பும் ராண்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 55 பூனைகளுக்கு கிளார்ஜின் இன்சுலின் போட்டு, வளர்ப்பவர்களே வீட்டில் சர்க்கரையை அளந்து டோஸைத் திருத்தினார்கள். 64 சதவீதப் பூனைகளுக்கு ஊசி நின்றது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம், தாமதித்தவற்றில் 35. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது. அளக்கப் பொறுமையுள்ளவர்களின் பூனைகள் என்பதால் எண்கள் சற்று அழகாகவே வந்திருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது: தேறிவரும் பூனைக்குப் போன வாரம் சரியாக இருந்த டோஸ் இந்த வாரம் ஆபத்து. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் இது தெரியாது. கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனைக்குப் பயத்தின் கலப்படம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அது சராசரி. மதியம் பாதாளத்துக்குப் போய் இரவில் உச்சிக்கு ஏறும் சர்க்கரை, அந்தச் சராசரியில் சாதுவாகத் தெரியும்.

தினமும் குத்துவது கொடுமையல்லவா என்று கேட்பார்கள். குத்துவது காதின் விளிம்பில், ஓரமாக ஓடும் மெல்லிய ரத்தக் குழாயின் அருகே. காதைக் கையால் சூடேற்றி, பின்னால் பஞ்சை அண்டக் கொடுத்துக் குத்தினால் ஒரு சொட்டு போதும்; உடனே பிடித்த தீனி கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் பழகிவிடும். கூடையும் காரும் காத்திருப்பும் இதைவிடப் பெரிய வதை. இன்னொரு கேள்விக்கு வலு அதிகம்: வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய குளுக்கோமீட்டர் பூனைக்குச் சரிவருமா? மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனை ரத்தத்தில் ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில்தான். அதனால் மனிதருக்கான மீட்டர் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்று வரும் மீட்டர் துல்லியமானது. அது கிடைக்காதபோது, ஒரே மீட்டரை எப்போதும் பயன்படுத்தி, எது என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டால் ஏற்ற இறக்கம் புரிந்துவிடும். தாழ்சர்க்கரையைப் பொறுத்தவரை, குறைத்துக் காட்டும் பிழை நம்மை உஷாராக்கும் பிழை. கூட்டிக் காட்டியிருந்தால்தான் உயிருக்கு வம்பு.

மருத்துவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு: எண் கையில் கிடைத்தால் ஆளாளுக்கு டோஸை மாற்றத் தொடங்குவார்கள். நியாயமான அச்சம். ஊசிக்கு முன்பும், இரண்டு ஊசிகளுக்கு நடுவிலும் அளந்து எழுதி வைப்பது வீட்டின் வேலை; கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வகுத்த வரம்புக்குள் மட்டுமே. அளவு 60க்குக் கீழே இறங்கினாலோ, பூனை தள்ளாடினாலோ ஊசியைத் தொடக்கூடாது. விழுங்க முடிந்தால் சாப்பாடு, வலிப்பு வந்தால் ஈறில் சர்க்கரைப் பாகு, உடனே மருத்துவர். எண்ணைப் படிப்பதைவிட மருந்தை அளப்பதில்தான் நம் ஊரில் கண்ணி இருக்கிறது. சி.டி.எச். சாலை மருந்துக் கடையில் வழக்கமான மனித இன்சுலின் குப்பி கேட்டால் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளது வரும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் பெரும்பாலும் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. அந்த 100 யூனிட் கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பல பூனைகளுக்கு ஒரு வேளைத் தொடக்க அளவே ஒரு யூனிட்தான் என்பதால், குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.