வெள்ளோட்டமும் வீரப்பேச்சும்

தம்பி!

வேப்பம்பட்டு ரயில் நிலையத்திலே விடியற்காலையில் நிற்கும் கூட்டத்தை நீ அறிவாய். கையிலே சோற்றுத் தூக்கு. பையிலே சீசன் டிக்கெட். அவர்களிலே பலர் ஆவடியில் இறங்கி, கனரக வாகனத் தொழிற்சாலையின் வாயிலை நோக்கி நடப்பவர்கள். டாங்கி செய்யும் கரங்கள்! அந்தக் கரங்கள் செய்த அர்ஜுனைப் பற்றி நெடுநாள் ஒரு கேலி உலவிற்று: ஆண்டுக்கணக்காகச் செய்கிறார்கள், காய் இன்னும் கனியவில்லை என்று.

கனிந்ததா, இல்லையா? யார் சொல்வது? எதை வைத்துச் சொல்வது? கேலிக்கு மறுமொழியாக மேடையிலே மார்தட்டினால் போதுமா? போதாது, தம்பி. அளவுகோல் வேண்டும்.

அளவுகோல் இருக்கிறது. 1974-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவிலே ஸ்டான் சாடின் என்பவர், உருவாகிவரும் பொறி எந்த அளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்க்க ஏழு படிகள் வகுத்தார்; பின்னர் அவை ஒன்பதாயின. முதற்படியில் வெறும் தத்துவம், காகிதத்திலே கோடு. நாலாம் படியில் ஆய்வுக்கூடத்து மேசையிலே உறுப்பு அசைகிறது. ஏழாம் படியில் மாதிரிப் பொறி உண்மையான களத்துக்கே போகிறது. ஒன்பதாம் படியோ, வேலை செய்து, அடிபட்டு, தேறிய பொறிக்கு மட்டுமே உரியது.

மேசையிலே சுழலும் எஞ்சின் வேறு, ராஜஸ்தான் மணலிலே புழுதி தின்று சுழலும் எஞ்சின் வேறு. இதைச் சொல்ல நாசா எதற்கு? நம் கடைசல் பட்டறைத் தோழனே சொல்வான்!

அதே 1974-இல்தான் டில்லி சர்க்கார் அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி தந்தது. முதலில் கேட்டது 105 மில்லிமீட்டர் பீரங்கி. பிறகு 120 என்றார்கள். 40 டன் என்று நினைத்தது 58 டன்னைத் தாண்டியது. ஏணியிலே ஏறிக்கொண்டிருப்பவனின் காலடியில் ஏணியையே மாற்றி வைத்தால் அவன் எப்போது மாடிக்குப் போவான்?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். காஞ்சன் என்ற கவசம் உள்நாட்டிலே உருவாயிற்று, எஞ்சின் உருவாகவில்லை. ஜெர்மனியிலிருந்து 1400 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கித்தான் பூட்டினார்கள். தேருக்கு நாலு சக்கரமும் வந்து அச்சாணி வரவில்லையென்றால், முக்கால் தேர் முடிந்தது என்று எவன் சொல்வான்? (தேரைச் சொன்னதால் திருவிழாவுக்கு அழைக்கிறேன் என்று எண்ணிவிடாதே!) முதல் அர்ஜுன்கள் படைக்குப் போனது 2004-இல். முப்பது ஆண்டு!

ஆனால், ரஷ்யாவிடமிருந்து 310 டாங்கிகளுக்கு 2001-இல் ஒப்பந்தம் போட்டார்களே, டி-90, அதன் வெப்பக்காட்சிக் கருவிகள் நம் பாலைவனச் சூட்டிலே கோளாறு கொடுத்தனவே, அதைக் காய் என்று எவரேனும் கேலி பேசினார்களா? வாங்கிய பொருளுக்கு ஒரு கோல், செய்த பொருளுக்கு இன்னொரு கோலா? அந்த டி-90-ஐயும் பூட்டி அனுப்பியவன் ஆவடித் தொழிலாளிதான். 2010-இல் இரண்டையும் ஒரே பாலையிலே இறக்கிச் சோதித்தார்கள். அதன் பின்னரே மேலும் அர்ஜுன் வாங்க வழி பிறந்தது. 2021 செப்டம்பரில் 118 மேம்பட்ட அர்ஜுன்களுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆணை வந்தது.

எஞ்சின் கதைக்கு வருகிறேன். 2024 மார்ச் 20 அன்று மைசூரிலே, பெமல் நிறுவனத்தில், 1500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி எஞ்சினை முதன்முறையாக இயக்கிப் பார்த்தார்கள். மகிழ்ச்சிதான்! ஆனால் அன்று அது சோதனை மேடையிலே முழங்கிய எஞ்சின். டாங்கியின் வயிற்றிலே ஏறி மணலிலே ஓடிய எஞ்சின் அல்ல. அதைக் கூட்டத்திலே சொல்லிக் கைதட்டல் வாங்கக் கிளம்பும் தோழர், காலை ரயிலிலே உடன் வரும் பிட்டர் ஒருவரிடம் முதலில் உட்காரட்டும். அவர் கேட்பார்: எத்தனை மணி நேரம் ஓடிற்று? எந்த வெயிலிலே? சூடேறியபோது எங்கே கசிந்தது?