ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

ரயில் நிலைய வாசல் ஒன்றில் காட்சிக்காக நிறுத்தியிருந்த பழைய பெட்டி அது. புதிதாகப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் புல்தரை போட்டு, கம்பி வேலி கட்டியிருந்தார்கள். என் சித்தப்பா வேலிக்குள் கையை நீட்டி, எட்டிய இடத்தில் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். ‘ணங்’ என்றது. இரண்டடி நகர்ந்து, கழிவறை மூலைக்குக் கீழே தட்டினார். ‘பொத்’ என்றது. பெயின்டுக்குப் பின்னால் இரும்பு இல்லை, வெறும் பட்டிதான் நிற்கிறது என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று திருநின்றவூரில் இருக்கிறார். அன்று அங்கேயே நின்று மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வெல்டர், இரண்டு ஃபிட்டர், கொஞ்சம் தகடு இருந்தால் ஆறு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். கூலி எதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

திருவள்ளூருக்குப் போன ரயில்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரை போட்ட பாதையில் ஓடியது. கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் ஐரோப்பிய விருந்தினர்களும் அதில் போனார்கள். அதே நாளில் இந்திய விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு ரயில் கிளம்பியது. அது போய்த் திரும்பிய ஊர் திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசை தோறும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த ஊருக்கு, அன்று இரும்புப் பாதையில் ஒரு வண்டி வந்தது.

அந்தப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது சென்னையின் சிம்ப்ஸன் நிறுவனம். 1840இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழில் குதிரை வண்டி கட்டுவது. சாரட்டுக்குச் சட்டம் இழைத்த பட்டறையிலிருந்துதான் நம் ஊர் ரயில் பெட்டி வெளியே வந்திருக்கிறது. அதே 1856இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பெரம்பூரில் பழுது பார்க்கும் பணிமனை ஒன்றைத் தொடங்கியது. இஞ்சின் கப்பலில் வந்து இறங்கலாம். ஆனால் பெட்டியை இழைத்து, முடுக்கி, தேய்ந்ததை மாற்றி ஓட வைக்க உள்ளூர்க் கைகள் வேண்டும் என்பது முதல் நாளிலேயே தெரிந்திருந்தது.

அந்தக் கைகளின் தொடர்ச்சி இன்றும் இந்தப் பாதையோரத்தில்தான் குடியிருக்கிறது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று வரிசையாகப் பாருங்கள். பெரம்பூர்ப் பணிமனைகளிலும், ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும், ஆவடி மின்சார ரயில் பணிமனையிலும், கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் வீடு கட்டிய ஊர்கள் இவை. வடக்குப் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போனால் சிப்காட் வளாகம் வருகிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும் அங்கே இருக்கின்றன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது ரயில் பெட்டிக்கும் பொருந்தும். ஓடி முடித்த பெட்டி எடைக்கு விலைபோகும். அதை எடைக்குப் போடாமல் காப்பாற்றத் தெரிந்தவர்களும், எடைக்கு வாங்கி உருக்கத் தெரிந்தவர்களும் ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

பெரம்பூர் செய்து காட்டியது

பழைய வண்டியை மீட்பது நம்மால் ஆகிற காரியமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் நிறுவனம் கட்டிய இரண்டு நீராவி இஞ்சின்கள் கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்தன. ஒன்றின் எண் 21, மற்றதன் எண் 22. எண் 22க்குத்தான் ‘ஃபேரி குயீன்’ என்று பெயர். 1997இல் அது மறுபடி பயணிகளோடு ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷமே, வழக்கமான ஓட்டத்தில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி இஞ்சின் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதைச் சீர்செய்தது பெரம்பூர் லோகோ பணிமனை.

எண் 21இன் கதை இன்னும் கடினமானது. நூறு வருஷத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் வெறும் காட்சிப் பொருளாக நின்ற இஞ்சின் அது. இப்படி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. இருக்கும் பாகத்தை அளந்து, இல்லாத பாகத்தை யூகித்து, ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். பெரம்பூர்த் தொழிலாளர்கள் அதைச் செய்து முடித்தார்கள். 2010இல் அந்த இஞ்சின் சொந்த நீராவியில் நகர்ந்தது. பிறகு எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது பெட்டியோடு ஓடியபோது, தண்டவாளம் ஓரமெல்லாம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள்.

திருச்சி பொன்மலைப் பணிமனை இன்னும் ஒரு படி மேலே போனது. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் எட்டிய நீலகிரி மலை ரயிலுக்கு, அது பல்சக்கர இஞ்சின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. 2005இல் யுனெஸ்கோ அந்த மலைப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாக அதை ஓட வைத்த ஃபிட்டர்களின் எண்ணெய்க் கைகள் இருக்கின்றன.

இவர்கள் எல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட வேலையைச் சம்பளம் மட்டும் செய்துவிடாது.

சும்மா வந்து செய்தவர்கள்

வேல்ஸ் நாட்டில் டால்லின் என்று ஒரு சின்னக் குறும்பாதை. கல் பலகை ஏற்றிச் செல்ல 1865இல் போட்டது. 1950இல் முதலாளி இறந்ததும் பாதையை மூடிவிடுவார்கள் என்ற நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 முதல் தன்னார்வலர்களே ரயிலை ஓட்டினார்கள். தண்டவாளத்தில் புல் செதுக்கியவர், டிக்கெட் கிழித்தவர், பெட்டிக்கு வார்னிஷ் அடித்தவர் என்று பலரும் விடுமுறையில் வந்தவர்கள். உலகத்தில் தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில் பாதை அதுதான். அதைப் பார்த்துப் பல நாடுகளில் சின்னச் சின்ன ரயில் அருங்காட்சியகங்கள் முளைத்தன. வார இறுதியில் கொட்டகையைத் திறந்து, ஒரு பெட்டியைப் பத்து வருஷம் இழைத்து முடிக்கும் கிழவர்களும் இளைஞர்களும் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர், இங்கே ஐ.சி.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ரயில் மீதிருந்த ஆசையால் ஊர் ஊராகப் போய், மூலையில் கிடந்த இஞ்சின்களைத் தேடிக் குறித்துவைத்தார். 1907 முதல் 1927 வரை பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. அதன் மிச்சங்களை 1962இல் ஒரு கிடங்கில் கண்டெடுத்தவர் அவர். அமிர்தசரஸ் பணிமனை அதைச் சீராக்கியது. டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டதில் சாட்டோவின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆசை உள்ள ஒரு தனிமனிதர், கதவைத் திறந்துவிட்ட ரயில்வே, வேலை தெரிந்த பணிமனை ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

சென்னையில் 2002இல் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி, 6.25 ஏக்கரில் ரயில் அருங்காட்சியகம் வந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய நீராவி இஞ்சின்கள், ஊட்டி ரயில் பெட்டிகள் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் பொக்கிஷங்கள் அங்கே நிறைய. நமக்கு அருங்காட்சியகம் உண்டு, பணிமனை உண்டு, ஆசையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் ஒரு பட்டறைதான் இன்னும் வரவில்லை.

ஒரு பெட்டிக்கு என்ன வேண்டும்?

பழைய மரப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே இரும்புச் சட்டம், மேலே தேக்கு. கூரையில் பலகை பரப்பி, அதன் மேல் கேன்வாஸ் துணியை வெள்ளைஈயப் பெயின்டில் தோய்த்து ஒட்டியிருப்பார்கள். துணி எங்கே கிழிந்ததோ அங்கிருந்து தண்ணீர் இறங்கும். சுவருக்குள்ளேயே வழிந்து, தூண்களின் அடிக்காலில் போய்த் தங்கும். மேலே பார்த்தால் கம்பீரமான தேக்கு, அடியில் ஊசி குத்தினால் உள்ளே போகும். முழுத் தூணையும் மாற்றுவது பெரிய காரியமில்லை. நல்ல தச்சர் அப்படிச் செய்ய மாட்டார். கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே சாய்வில் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டு, பழைய மரத்தை முடிந்தவரை அப்படியே நிற்கவிடுவார். அந்தப் பழைய மரத்தில்தான் நூறு வருஷத்துக்கு முன் ஒரு தச்சர் இழைப்புளி போட்ட தடம் இருக்கிறது.

இரும்புப் பெட்டியின் எதிரி கழிவறை மூலை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஈரம் தங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். சித்தப்பா தட்டிப் பார்த்தது அதனால்தான். அரித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பட்டிக்கு வேலை.

பெயின்டும் ஒரு சரித்திரப் புத்தகம். உப்புத்தாளால் ஓரிடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தை வெட்டினால் தெரியும் வளையம்போல நிறங்கள் வெளிவரும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த நீலம், அதற்குக் கீழே நம் சின்ன வயது ரயில்களின் அடர்சிவப்பு, அதற்கும் கீழே இன்னொன்று. எந்தக் காலத்துப் பெட்டியாக இதை மீட்கப்போகிறோம் என்பதை அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பழைய பெட்டிகளின் உள்சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் முகமூடியும் முறையான பயிற்சியும் இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது.

காணாமல்போன பித்தளைக் கைப்பிடி ஒன்று வேண்டும் என்று வையுங்கள். இருக்கும் ஒரு கைப்பிடியைப் பார்த்து மரத்தில் பேட்டர்ன் செய்ய வேண்டும். உருகிய பித்தளை ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஏறத்தாழ 3/16 அங்குலம். அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செதுக்குவார்கள். வார்ப்பிரும்பு என்றால் அடிக்கு 1/8 அங்குலம் போதும். இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் பேட்டர்ன் ஆசாரிகள் அம்பத்தூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறார்கள். ஒரு மதிய நேரத்தில், மீதமிருக்கும் உலோகத்தில் அந்தக் கைப்பிடியை வார்த்துக் கொடுத்துவிடக்கூடிய ஃபவுண்டரிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இன்றைய பெட்டி, நாளைய பொக்கிஷம்

பழசு என்றால் நாம் நீராவியை மட்டும் நினைக்கிறோம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, முழுக்கப் பற்றவைத்த இரும்புப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. விபத்தில் சிதறும் மரப் பெட்டிகளின் இடத்தில் அவை வந்து எத்தனையோ உயிர்களைக் காத்தன. அந்த வடிவமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் ஐ.சி.எஃப்.பை விட்டு வெளியேறியது. அதே 2018இல் அதே தொழிற்சாலை வந்தே பாரத் ரயிலைச் செய்து வெளியிட்டது.

பழைய ஐ.சி.எஃப். வடிவமைப்புப் பெட்டிக்கு வகுத்த ஆயுள் பொதுவாக 25 வருஷம். அது முடிந்ததும் சில பெட்டிகளின் ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துக் கார் ஏற்றும் வண்டிகளாக மாற்றுகிறார்கள். மற்றவை ‘கண்டம்’ ஆகி ஏலத்துக்குப் போகின்றன. நாம் படுத்துத் தூங்கிய, ஜன்னல் கம்பியில் முகம் புதைத்துக் காற்று வாங்கிய அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகின்றன. பார்த்துப் பார்த்துப் பழகிய பொருள் என்பதால் அவை மறைவது நம் கண்ணில் படுவதில்லை. மரப் பெட்டிகள் மறைந்த காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பெட்டியைக்கூட ஒரு கொட்டகையில் நிறுத்திவைக்கலாம். அதைச் செய்த கைகளை நிறுத்திவைக்க முடியாது. சித்தப்பாவுக்கு இப்போது காது மந்தம். பணிமனைச் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் பலருக்கு வருவது. ‘ணங்’குக்கும் ‘பொத்’துக்கும் உள்ள வித்தியாசம் அவர் காதில் தெளிவாக இருக்கும்போதே, ஒரு இருபது வயதுப் பையனோ பெண்ணோ பக்கத்தில் நின்று தட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரயில்வே ஒரே ஒரு கண்டம் ஆன பெட்டியையும் கொட்டகை போட்ட ஒரு பாதையையும் ஒதுக்கட்டும். ஓடும் பாதைகளிலிருந்து பிரிந்த இடமாக இருந்தால் பாதுகாப்புக் கவலை குறையும். தன்னார்வலர்களைப் பதிவு செய்து, காப்பீடு எடுத்து, ஒரு பணிமனை அதிகாரியின் பொறுப்பில் ஞாயிறு தோறும் கதவைத் திறக்கட்டும். ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் தச்சர்களும் வாத்தியார்களாக வரட்டும். அம்பத்தூர், திருவள்ளூர்ப் பக்கத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் சிஷ்யர்களாக வரட்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகள் ஒரு வார்ப்பு, ஒரு தகடு என்று கொடுக்கட்டும். பெட்டி முடிய ஐந்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை. அந்த ஐந்து வருஷத்தில் ஐம்பது பேருக்குக் கை பழகியிருக்கும்.

அடுத்த முறை பழைய பெட்டி பூட்டிய ரயில் ஏதாவது ஒன்றில் ஏறும்போது, உள்சுவரில் பார்வையை ஓட்டுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். என்று பொறித்த சின்னப் பட்டயம் ஒன்று கண்ணில் படலாம். எத்தனையோ முறை பெயின்ட் ஏறி எழுத்து மங்கியிருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், படிக்க முடியும். அதைப் பதித்த மனிதர் அநேகமாக உங்கள் பாதையில்தான், இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு தெருவில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.