நேர்முகத் தேர்வும் அரை மில்லிகிராம் ஃபுளோரைடும்

கிள்ளானில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடத்தினோம். ஒரு மாணவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். ஆனால், பேசும்போது வலது கையால் வாயை மறைத்துக்கொண்டே இருந்தான். முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் கறுப்பாக ஒரு சொத்தை. எல்லாரும் போன பிறகு தனியாக வந்து கேட்டான்: "டீச்சர், பல்லு நல்லா இருந்தாதான் வேலை கொடுப்பாங்களா?"

கேட்க எளிமையான கேள்விதான். பதில் சொல்வது கடினம். நல்ல பல் உள்ளவர்களையும் சொத்தைப் பல் உள்ளவர்களையும் நிற்க வைத்துச் சம்பளத்தை ஒப்பிட்டால் போதாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பல்லும் இருக்கும், நல்ல கல்வியும் இருக்கும். சம்பளம் எதனால் கூடியது என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துகிறோமே, அதே சிக்கல்தான் இங்கேயும்.

ஷெர்ரி கிலீட், மேத்யூ நைடல் என்ற அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில்தான் முதன்முதலாகக் குடிநீரில் ஃபுளோரைடு கலந்தார்கள். பிறகு மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எந்த ஊர் எப்போது சேர்ந்தது என்பதில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பங்கு எதுவும் இல்லை. ஆகவே, ஃபுளோரைடு நீர் குடித்து வளர்ந்தவர்களையும் குடிக்காமல் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளிவந்த முடிவின்படி, ஃபுளோரைடு நீர் குடித்து வளர்ந்த பெண்களின் வருமானம் சுமார் 4 விழுக்காடு அதிகம். ஆண்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

பையன்களே, இதைப் படித்துவிட்டுப் பிரஷைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெண்ணின் தோற்றத்தைச் சமுதாயம் கூடுதலாக எடைபோடுகிறது என்பதுதான் இதில் எனக்குத் தெரியும் செய்தி. அது நியாயமில்லை. மேலும், அந்த ஆய்வு அளந்தது சம்பளத்தை மட்டுமே. வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறவனின் கூச்சத்தை அது அளக்கவில்லை, பல்வலியையும் அளக்கவில்லை.

ஃபுளோரைடு நமக்கும் அந்நியமில்லை. மலேசியாவில் 1957-இல் ஜொகூரில் குடிநீரில் கலக்கத் தொடங்கினார்கள். 1972-இல் அது தேசியக் கொள்கை ஆனது. இன்று கோலாலம்பூர், சிலாங்கூர் குழாய் நீரில் வைத்திருக்கும் இலக்கு லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டுப் படிகத்தால் ஆனது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனாலும் வாயின் பிஎச் மதிப்பு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் வெளியிடும்போது அதுதான் நடக்கிறது. ஃபுளோரைடு சேர்ந்த படிகமோ, பிஎச் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். கரைந்த தாதுவை உமிழ்நீர் மீண்டும் எனாமலில் படிய வைக்கும் வேலையையும் ஃபுளோரைடு விரைவுபடுத்துகிறது.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பிஎச் சரிகிறது. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதனால், எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு கிளாஸ் தே தாரேக்கை உடனே குடித்து முடிப்பவரைவிட, காற்பந்து பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உறிஞ்சுகிறவரின் பல் நெடுநேரம் அமிலத்தில் ஊறுகிறது. நம் ஊர் மாமாக் கடைகளில் நள்ளிரவுவரை இப்படி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பல் துலக்காமலே படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பல்லைக் காக்க ஆளில்லாத நேரம் அது.

சொத்தையாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஈறு நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும். துலக்காமல் விட்ட படலம் கெட்டியாகிக் காரையாகப் படியும், ஈறு வீங்கும், துலக்கும்போது இரத்தம் கசியும். பல நாட்டு ஆய்வுகளில் இந்நோய் பெண்களைவிட ஆண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. புகைபிடிப்பது ஒரு காரணம். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புகைப்பவரின் ஈற்றில் இரத்தம் குறைவாகவே வரும். நோய் இருப்பதே தெரியாமல் போகும். இந்தப் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்கள்தான் வாய் நாற்றத்துக்கு முக்கியக் காரணம். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு உங்கள் பல்லின் நிறத்தைவிட இது முதலில் எட்டும்.

நிறம் என்றதும் இன்னொன்று. ஆரோக்கியமான பல் காகிதம்போல் வெள்ளையாக இருக்காது. எனாமல் ஒளி ஊடுருவக்கூடியது. அதன் வழியாக உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியும். வெண்மை ஆசையில் கரித்தூள் போட்டுத் தேய்க்கிறவர்கள், திரும்ப வளராத எனாமலைத்தான் தேய்த்துக் கழிக்கிறார்கள். பல் மருத்துவர் அல்லாதவரிடம் போய்ப் போலிப் பல் கம்பி மாட்டிக்கொள்வது அதைவிட மோசம்.

ஃபுளோரைடும் அளவு மீறினால் கறைதான். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது இயற்கையாகவே அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதை மீறிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. காவிரி நீரைக் குழாய்வழி கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது இதற்காகத்தான்.

அந்த மாணவன் அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போனான். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல் நிறத்தில் ஒரு பிசினை அடைத்து, நீல ஒளி காட்டி இறுக வைத்தார்களாம். "அரை மணி நேரம்கூட ஆகல டீச்சர்," என்றான். அடுத்த பயிற்சியில் முதல் கேள்விக்குப் பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போனது. மூன்றாவது கேள்வியில் மறந்துவிட்டான்.