பிள்ளைகளின் அறைக்குள் வந்திருக்கும் கடை

இலண்டனுக்கு வந்து சேரும் எமது குடும்பங்கள் முதலில் பழகிக்கொள்வது இந்நாட்டுக் கடைகளைத்தான். எங்கே அரிசி மலிவு, எங்கே மீன் நல்லது, எந்தக் கடையில் மாலை ஏழு மணிக்குப் பின் விலை குறையும் என்பதெல்லாம் சில மாதங்களுக்குள் எமக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆனால் எமது வீட்டுக்குள்ளேயே ஒரு கடை திறந்திருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுவதில்லை, நத்தாருக்கும் பூட்டுவதில்லை. அதன் வாடிக்கையாளர் எமது பிள்ளைகள். காசு கொடுப்பவர்கள் நாங்கள்.

வீடியோ விளையாட்டுக்களை இணையத்தின் ஊடாக விற்கும் கடைகளைப் பற்றியே சொல்கிறோம். தொழிற்சாலைகளில் இரவு வேலை, பகல் வேலை என்று மாறிமாறி நிற்கும் நாங்கள் கணனி படித்தவர்கள் அல்லர். என்றாலும் நின்று உழைத்த காசு எந்த வழியால் போகிறது என்று விசாரிக்க எமக்கு உரிமை உண்டு.

வீதியிலிருந்து வீட்டுக்கு

ஒரு காலத்தில் இந்த விளையாட்டுக்கள் இறுவட்டில் பதியப்பட்டுப் பெட்டியில் அடைத்து வீதியோரக் கடைகளில் விற்கப்பட்டன. வூல்வேர்த்ஸ் கடைகளிலும் அவை கிடைத்தன. 800க்கு மேற்பட்ட கிளைகளுடன் இருந்த அந்த நிறுவனம் 2009 தை மாதத்தில் இந்நாட்டில் முற்றாக மூடப்பட்டது. விளையாட்டுக்களை மட்டுமே நம்பியிருந்த 'கேம்' நிறுவனமும் 2012 பங்குனியில் நொடித்து, 277 கடைகளை ஒரே தடவையில் மூடியது. அங்கே வேலை செய்தவர்கள் எம்மைப் போன்ற சாதாரண தொழிலாளர்கள்தான்.

கடைகள் மூடப்பட்டாலும் விளையாட்டு நிற்கவில்லை. வியாபாரம் இணையத்துக்கு இடம்மாறியது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற கடையை 2003 புரட்டாதியில் தொடங்கியது. முதலில் தனது விளையாட்டுக்களைத் திருத்தி அனுப்புவதற்கே அதைப் பயன்படுத்தியது. 2004 இல் 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டு வெளிவந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமில் பெயர் பதிந்தால்தான் விளையாடலாம் என்று வைத்தது. பலர் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பதிந்தார்கள். அந்தக் கூட்டமே பின்னாளில் அக்கடையின் முதலாகியது.

சந்தைக் குத்தகை

ஊரில் சந்தையைக் குத்தகைக்கு எடுப்பவரை எமக்குத் தெரியும். அவர் கத்தரிக்காய் நடுவதில்லை, வெங்காயம் கிண்டுவதில்லை. வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் வரி எடுப்பார். தோட்டக்காரருக்கு அது பிடிக்காவிட்டாலும், சனம் கூடுவது அந்தச் சந்தையில் என்பதால் அங்கேதான் போகவேண்டும்.

இணையக் கடைகளும் இதே முறையில்தான் உழைக்கின்றன. ஒரு விளையாட்டு 12 பவுணுக்கு விற்றால் அதில் 2 பவுண் இந்நாட்டு அரசின் வற் வரி. மீதி 10 பவுணில் 30 வீதம், அதாவது 3 பவுண், கடைக்கு. செய்தவருக்கு மிஞ்சுவது 7 பவுண். ஸ்டீமின் வழமையான பங்கு இதுவே. 2018 இன் இறுதியில் அது பெரிய நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்தது. ஒரு விளையாட்டின் விற்பனை ஒரு கோடி டொலரைத் தாண்டினால் 25 வீதம், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 வீதம். சிறிய ஆட்கள் 30 வீதமே கட்டவேண்டும்.

இதை எமது ஆட்களின் உழைப்பை வைத்தே பார்க்கலாம். கனடா ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஆடி மாதம் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிவந்த ஒரு தமிழ்த் தாய் இட்லியும் புட்டும் சமைத்துக்கொண்டே மகனோடு தமிழைக் காப்பாற்றப் போராடும் கதை அது. 2024 சித்திரையில் இலண்டனில் நடந்த பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. இப்படியொரு கதையை எந்த வீதியோரக் கடை தட்டில் வைத்திருக்கும்? இணையக் கடை வைத்தது. உலகமெங்கும் வாங்கினார்கள். அந்த நன்மையை நாம் மறைக்கக் கூடாது. அதற்கு வாசல்வரி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

கூட்டம்தான் முதல்

குறைந்த வரி கேட்கும் வேறு சந்தைக்கு ஏன் எல்லோரும் போகவில்லை? 2018 மார்கழியில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 12 வீதம் மட்டும் எடுக்கும் கடையைத் திறந்து, இலவச விளையாட்டுக்களையும் அள்ளிக் கொடுத்தது. ஆனாலும் ஸ்டீமின் கூட்டம் கலையவில்லை. 2025 பங்குனியில் ஒரே நேரத்தில் ஸ்டீமில் இருந்தவர்கள் 4 கோடிக்கும் மேல். இலண்டன் சனத்தொகையைப் போல நான்கு மடங்கு!

காரணம், ஒருவர் பல வருடங்களாக வாங்கிய விளையாட்டுக்களெல்லாம் அந்தக் கணக்கில் கிடக்கின்றன. வேறு கடைக்கு அவற்றைக் கொண்டுபோக முடியாது. நண்பர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆள் கூடினால் விளையாட்டுச் செய்பவர் வருவார், விளையாட்டுக் கூடினால் மேலும் ஆள் வரும்.

அதோடு பாவனையாளர்களே கடைக்குச் சம்பளமில்லாத வேலையாட்களாகவும் இருக்கிறார்கள். 2011 முதல் அவர்கள் தாங்களே செய்த உடைகளையும் ஆயுதங்களையும் அங்கே சேர்க்கிறார்கள். 2013 முதல் விளையாட்டு நல்லதா கெட்டதா என்று எழுதி மற்றவர்களை வாங்க வைக்கிறார்கள். 2012 இல் தொடங்கிய ஸ்டீம் சந்தையில் விளையாட்டுக்குள் கிடைக்கும் பொருட்களை ஒருவருக்கொருவர் விற்கிறார்கள். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' பொருள் ஒன்றை விற்றவருக்கு 1 பவுண் கிடைக்கவேண்டுமென்றால், வாங்குபவர் 15 பென்ஸ் மேலதிகமாகக் கட்டவேண்டும். அந்த 15 பென்ஸும் வால்வுக்கே. விற்றவருக்குக் கிடைத்த காசும் வங்கிக்கு வராது. அதே கடையில்தான் செலவழிக்கவேண்டும்.

இலவசம் என்ற சொல்

எமது பிள்ளைகள் அதிகம் விளையாடுபவை 'ரோப்லொக்ஸ்', 'ஃபோர்ட்நைட்' போன்ற இலவச விளையாட்டுக்கள். உள்ளே போகக் காசில்லை. உள்ளே போனபின் உடை, ஆட்டம், ஆயுதம் எல்லாம் விற்பனைக்கு உண்டு. விலை பவுணில் இல்லை, ரோபக்ஸ், வீ-பக்ஸ் என்ற அவர்களது காசில். பிள்ளை 800 செலவழித்தேன் என்று சொன்னால் அது எத்தனை பவுண் என்று அதற்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. அதற்காகத்தான் அந்தக் காசு.

எம்மோடு வேலை செய்யும் ஒரு தாயின் வங்கிக் கணக்கில் 4.99, 9.99 என்று ஒரே மாதத்தில் பதினேழு வரிகள் இருந்தன. கணவர் அனுப்பும் கணக்கென்று அவர் நினைத்திருந்தார். கணவர் மனைவியின் செலவென்று நினைத்திருந்தார். ஒன்பது வயது மகனுக்குக் காசு போனதே தெரியாது.

இது எமது வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம், ஒரு பொத்தானைத் தவறி அமர்த்தினாலே காசு போகும்படி திரையை அமைத்து ஆட்களைச் செலவழிக்க வைத்தது என்ற குற்றச்சாட்டில், 24.5 கோடி டொலர் திருப்பிக் கொடுக்க 2022 மார்கழியில் அமெரிக்காவில் இணங்கியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018 இல் சூதாட்டமென்று தடுத்தது. பிரித்தானிய அரசோ 2022 ஆடியில் சட்டம் போடாமல் நிறுவனங்களே கட்டுப்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது.

வழக்குகள் இலண்டனிலும் நடக்கின்றன. ஸ்டீமின் பங்கு அதிகமென்று, இந்நாட்டுப் பாவனையாளர் ஒரு கோடி நாற்பது இலட்சம் பேர் சார்பில் விக்கி ஷொட்போல்ட் என்பவர் 2024 இல் வழக்குத் தொடுத்தார். 2025 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசிக் கடையில் நியாயமற்ற பங்கு எடுத்ததாக இங்குள்ள போட்டி மேன்முறையீட்டு நியாயசபை தீர்ப்பளித்தது. அப்பிள் அதை ஏற்கவில்லை.

நாம் செய்யவேண்டியவை

எமது வீடுகளில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஆங்கிலக் கடிதம் வந்தால் பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறது. வைத்தியரிடம் போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது. அதேபோல விளையாட்டுக் கணக்கைத் திறந்து, "சம்மதம்" என்ற இடத்தில் பெற்றோருக்காக அமர்த்துவதும் பிள்ளைதான். காவலுக்குப் போடும் கடவுச்சொல்லும் பிள்ளை போட்டதே! இதை முதலில் மாற்றவேண்டும். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கடவுச்சொல்லை நாம் போடவேண்டும். பிள்ளையின் சரியான வயதைப் பதியவேண்டும். வங்கி அட்டையை அங்கே சேமித்து வைக்காமல், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி அந்தத் தொகைக்குப் பரிசு அட்டை வாங்கிக் கொடுப்பது நல்லது. ஸ்டீமில் ஆறு பேர்வரை ஒரு குடும்பமாகப் பதியலாம். பிள்ளை வாங்கக் கேட்டால் பெரியவர் அனுமதி கொடுக்கும் வசதியும் அதில் உண்டு.

பிழையாக வாங்கினால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டீமில் 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கு உரியவரின் சம்மதமின்றிக் காசு எடுக்கக்கூடாது என்பது 2014 இல் இந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் வகுத்த விதி. முதலில் கடைக்கும் பின்னர் வங்கிக்கும் எழுதுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' நிலையத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.

இன்னுமொன்று. வரித் திணைக்களமோ உள்துறை அமைச்சோ பரிசு அட்டையில் காசு கேட்பதில்லை. அப்படி யாராவது தொலைபேசியில் மிரட்டினால் அவர் கள்ளன். விசாப் பயத்தில் இருக்கும் எமது ஆட்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

வாங்கிய விளையாட்டு எமது சொத்துமல்ல. 2024 ஒக்டோபரில் இருந்து ஸ்டீமே, நீங்கள் வாங்குவது பாவிக்கும் அனுமதி மட்டுமே என்று விலைச்சீட்டுக்கு அருகில் எழுதிக் காட்டுகிறது. இறுவட்டாக வாங்கியதை விளையாடி முடித்ததும், 1992 இல் இலண்டனில் தொடங்கிய 'செக்ஸ்' என்ற பழைய பொருட்கடையில் விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். இணையத்தில் வாங்கியதை விற்க முடியாது.

பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பறிக்கச் சொல்லவில்லை. புது நாட்டில், புதுப் பள்ளிக்கூடத்தில், அதன் மூலமாகத்தான் பல பிள்ளைகளுக்கு முதல் நண்பன் கிடைக்கிறான். ஆனால் பன்னிரண்டு மணித்தியால வேலை முடித்து வரும் நாங்கள், படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் இருந்து, "இது என்ன விளையாட்டு, எனக்கும் காட்டு" என்று கேட்கவேண்டும். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அந்தக் கடைக்குத் தெரியும். பெற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.