சுற்றளவுக் கணக்கும் வேலிக் கம்பியும்

ரயிலே ஓடாத அந்தமானில் ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஷாதிபூரில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் எனக்கு, அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருவதே வேலை. அவர்களை அதிகம் மிரட்டுவது சுற்றளவு பற்றிய வாழ்க்கைக் கணக்குதான்.

நம் தீவில் இது வெறும் பாடமல்ல. சிமெண்டும் கம்பியும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். பத்து மீட்டர் குறைந்தால் ஊரில் ஓடிப்போய் வாங்கி வரலாம். இங்கே கடையில் சரக்குத் தீர்ந்திருந்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மே மாத மழை பிடித்துக்கொள்ளும். வாழைக்கன்று ஆட்டுக்குத் தீனியாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. சுற்றளவு 72 மீட்டர். ஒரு நீளப் பக்கம் வீட்டுச் சுவர். மற்ற மூன்று பக்கமும் நான்கு வரிசை முள்கம்பி, 3 மீட்டருக்கு ஒரு கால், 3 மீட்டரில் ஒரு வாசல். பொருள் எவ்வளவு வேண்டும்?

முதலில் படம் போடச் சொல்வேன். அகலம் ஒரு பங்கு என்றால் நீளம் இரண்டு பங்கு. சுற்றிலும் ஆறு பங்கு. 72-ஐ 6-ஆல் வகுத்தால் அகலம் 12, நீளம் 24 மீட்டர். சுவரைக் கழித்தால் 48. வாசலையும் கழித்தால் 45. நான்கு வரிசைக்கு 180 மீட்டர் கம்பி. புத்தகம் இங்கே நின்றுவிடும். வேலி நிற்காது! வாசல் ஒவ்வொரு வரிசையையும் இரண்டாக வெட்டுவதால் வரிசைக்கு நான்கு முனை, மொத்தம் 16 முனை. காலில் சுற்றிக் கட்ட முனைக்கு அரை மீட்டர் என்றால் இன்னும் 8 மீட்டர். ஆக 188.

அடுத்து கால்கள். "48-ஐ 3-ஆல் வகுத்தால் 16 தானே தாத்தா?" என்றாள் ஆறாம் வகுப்புப் பேத்தி ஒருத்தி. பதினாறு என்பது இடைவெளி. சுவரில் தொடங்கிச் சுவரில் முடியும் வேலிக்குக் கால் 17. நான்கு பக்கமும் வேலியானால் கடைசிக் கால் முதல் காலோடு சேர்ந்துவிடும். அப்போது 72 மீட்டருக்கு 24 இடைவெளி, 24 கால்.

மரம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். மண்ணுக்குள் 60 சென்டிமீட்டர், மேலே ஒன்றரை மீட்டர். ஒரு கால் 2.1 மீட்டர். பதினேழுக்கு 35.7 மீட்டர். 4 மீட்டர் மரம் 9 போதும் என்று வகுத்தல் சொல்லும். ஆனால் ஒரு மரத்தில் ஒரு கால்தான் வரும், மீதி 1.9 மீட்டர் காலுக்கு எட்டாது. 17 மரம் வேண்டும்! நாலரை மீட்டர் மரமாகக் கேட்டால் ஒன்றில் இரண்டு கால். 9 மரம் போதும். 1883-லேயே சாத்தம் மர அறுவை ஆலை தொடங்கிய ஊரில் இது தெரிய வேண்டிய கணக்கு. சோவியத் நாட்டில் கான்டரோவிச் என்ற கணித அறிஞர் 1939-இல் ஒட்டுப்பலகை ஆலைக்காக இதே இனக் கணக்குகளை ஆராய்ந்தார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ரயில்வேயிலும் இதே பாடம்தான். 13 மீட்டர் ரெயிலுக்கு 20 ஸ்லீப்பர் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 1,540. ஒரு பக்கத்துக்கு 76.9 ரெயில் என்று விடை வரும்; முக்கால் ரெயில் யாரும் தரமாட்டார்கள், 77 எழுதித்தான் வாங்குவோம்.

பெற்றோர்களே, அடுத்த முறை வேலியோ கொடிக்கயிறோ கட்டும்போது டேப்பைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அளக்கட்டும், படம் போடட்டும், பட்டியல் எழுதட்டும். கடைக்குப் போகுமுன் அந்தப் பட்டியலை நீங்கள் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.