மனத்தைத் திறக்கும் முன்...

"பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். கண் மங்கினால் கண் டாக்டரிடம் போகிறோம். அதை அடுத்த வீட்டு மாமியிடம் பெருமையாகக்கூடச் சொல்லிக் கொள்கிறோம். மனசு வலித்தால் மட்டும் ஏண்டி கோயிலுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது?"

இப்படிக் கேட்டவள் என் கல்லூரிச் சிநேகிதி. சென்னையில் ஒரு பாங்கியில் உத்தியோகம். கணவர் நல்லவர், குழந்தைகள் இரண்டும் படு சுட்டி. மாமியாரும் கதைகளில் வருகிற மாமியார் அல்ல. ஆனால் தாயாரைப் பறிகொடுத்த நாள் முதல், ஏழு மாதங்களாக, அவளுக்கு இரவில் தூக்கமில்லை. ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்பது நினைவில் நிற்காது. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது அல்லவா?

"உனக்கு என்ன குறை?" என்றார் கணவர். "வெள்ளிக்கிழமை விளக்குப் போடம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்றாள் மாமியார். இருவரும் அன்பினால் சொன்னதுதான். அவள் விளக்கும் போட்டாள். தூக்கம் மட்டும் வரவில்லை. கடைசியில் என்னிடம் வந்தாள்.

"பேசியே குணப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களாமே, தெரப்பிஸ்ட் என்று? நீ பத்திரிகைக்காரி, உனக்குத் தெரியாததா?"

உண்மையில் எனக்கும் அப்போது அதிகம் தெரியாது. இருவருமாக அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

யாரிடம் போகிறோம்?

முதலில் போன இடத்தில் பெயர்ப் பலகை பெரிதாக இருந்தது. பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகள் மாதிரி எழுத்துக்கள் கோத்துக் கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர் ஐந்து நிமிஷம்கூடக் கேட்கவில்லை. "பத்து ஸிட்டிங், முழுக் காரண்டி! இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு" என்றார்.

"ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறதே!" என்று என் காதில் கிசுகிசுத்தாள் சிநேகிதி. எழுந்து வந்துவிட்டோம். மனத்தின் விஷயத்தில் முழு உத்தரவாதம் கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம்.

இந்தத் துறையில் மூன்று வகையினர் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர் சைக்கியாட்ரிஸ்ட். மருந்து எழுதித் தருகிற டாக்டர் இவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மனத்தைப் பரிசோதித்து, பேச்சின் மூலம் சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றவர். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாமவர் கவுன்சலர். உளவியலோ சமூகப் பணியோ முறையாகப் படித்த அருமையான கவுன்சலர்கள் பலர் இருக்கிறார்கள். சில வாரப் பயிற்சியோடு அதே பலகையை மாட்டிக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகையால், "என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்கள் பதிவு எண் என்ன?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். கத்தரிக்காய் வாங்கும்போதே காம்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்! யோக்கியமானவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடம்பையும் கவனியுங்கள்

இன்னொரு விஷயம். சோர்வு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை இவற்றுக்கு உடம்பும் காரணமாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, இரத்தச் சோகை, பி-12 விடமின் குறைவு எல்லாம் மனக் கவலை போலவே வேஷம் போட வல்லவை. குடும்ப டாக்டரிடம் சொல்லி ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள், 'இனிமேல்தான் பேசப் போகிறோமே' என்று அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

பணமும் நேரமும்

ஒரு சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை. தனியாரிடம் கட்டணம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். சில நூறு ரூபாயும் உண்டு. சில ஆயிரமும் உண்டு. போவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். வர முடியாமற் போனால் எத்தனை மணி முன்னதாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பணம் உண்டா இல்லையா, வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டா, வீடியோவில் பேசலாமா என்பவற்றையும் கேளுங்கள். முக்கியமாக, தமிழில் பேசலாமா என்று கேளுங்கள். ஆபீஸில் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறவர்களுக்கும் அழுகை தாய்மொழியில்தானே வருகிறது?

2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், உடல் நோய்க்கு இன்ஷூரன்ஸ் உள்ளது போலவே மன நோய்க்கும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வெறும் ஆலோசனைக் கட்டணத்துக்கு எல்லாப் பாலிசிகளும் பணம் தருவதில்லை. முன்னால் விசாரித்துக் கொள்வது உத்தமம்.

ரகசியம் ரகசியமா?

சிநேகிதியின் பெரிய பயம் இதுதான். "நான் சொல்வதை இவரிடம் சொல்லிவிட்டால்?"

சொல்லக் கூடாது. அதே 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சிகிச்சை பெறுகிறவரின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. சில விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது கோர்ட்டு உத்தரவிட்டால், வாயைத் திறக்க வேண்டி வரலாம். குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரியவந்தால் போலீஸுக்குச் சொல்வதும் சட்டப்படி கடமை. நல்ல தெரப்பிஸ்ட் முதல் நாளே இதை விளக்கிவிடுவார். விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

முதல் நாள்

இரண்டாவதாக ஓர் அம்மாளிடம் போனோம். பலகை சிறிதாக இருந்தது. காது பெரிதாக இருந்தது! நான் வெளியே பழைய பத்திரிகை புரட்டிக் கொண்டிருந்தேன். திரும்பி வந்த சிநேகிதியின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"கேள்விதான் கேட்டாள். புத்திமதி ஒன்றுமே சொல்லவில்லையே!"

அது சகஜம். முதல் சில சந்திப்புகள் அவர்கள் நம்மைத் தெரிந்துகொள்வதற்கு. புத்திமதி சொல்ல நம் வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்? நம் முடிவை நாமே எடுக்கத் துணை செய்வதுதான் அவர்கள் வேலை. சில நாள் முன்னிலும் பாரமாகத் திரும்பி வருவோம். மூடிய அறையைப் பெருக்கினால் முதலில் தூசிதானே கிளம்பும்? பள்ளிக்கூடம் போல வீட்டுப் பாடமும் உண்டு. கவலையை எழுதி வா, இரவு இன்ன மணிக்குப் படு என்றெல்லாம் சொல்வார்கள்.

நாலைந்து சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் ஒட்டாவிட்டால், அவரிடமே சொல்லுங்கள், வேறொருவரிடம் மாறுங்கள். அது நன்றி கெட்டதனம் ஆகாது. ஆனால் தெரப்பிஸ்ட் தகாத முறையில் தொட்டாலோ, காதல் பேச்சுப் பேசினாலோ, கடன் கேட்டாலோ, "வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்றாலோ, அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். தப்பு உங்களுடையது அல்ல.

வசதி இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். 'இருந்து என்ன பயன்?' என்ற எண்ணம் தலைகாட்டினால், அடுத்த வாரத்துச் சந்திப்புக்குக் காத்திராதீர்கள். உடனே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள்.

சிநேகிதி என்ன ஆனாள் என்கிறீர்களா? ஆறாவது சந்திப்பில்தான் உடைத்துச் சொன்னாளாம். தாயார் கடைசியாகப் போன் செய்தபோது, ஆபீஸ் அவசரத்தில், "அப்புறம் பேசுகிறேன் அம்மா" என்று வைத்துவிட்டாளாம். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ஏழு மாதமாக அவளை அரித்த விஷயம் அதுதான். இன்னமும் அழுகிறாள். ஆனால் குழாயைத் திறந்து விடுவதில்லை. கூடத்தில், கணவருக்கு முன்னாலேயே அழுகிறாள். அவரும் 'என்ன குறை' என்று கேட்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறாராம்.

மாமியாருக்குத்தான் கொஞ்ச நாள் விசாரம். "அங்கே போய் நம் வீட்டைப் பற்றி என்ன சொல்கிறாளோ?" என்று. போன மாதம் மருமகளைச் சமையலறையில் தனியாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்டாளாம்:

"ஏம்மா, அந்த அம்மா என்னைப் போலக் கிழவிகளையும் பார்ப்பாளா?"