பழைய ஜீப்பு வண்டிகளில் பிரேக்கு விடாது பற்றுதல்

உரமூட்டைகளையும் விதைகளையும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கு அமைந்த பழைய ஜீப்பு வண்டிகள் சில கிராமங்களில் இன்னும் உழைத்து வருகின்றன. பெடலினின்று காலை எடுத்த பின்னரும் பிரேக்கு விடாது பற்றிநிற்றல் இவற்றில் நேரும் கோளாறுகளுள் ஒன்று. வண்டி சோம்பி ஓடுவதும் எரிபொருள் மிகுதியாய்ச் செலவாவதும் அதன் முதற் குறிகள். அசட்டை செய்யின் டிரத்தின் சூட்டால் பிரேக்குத் திரவம் கொதித்து ஆவியாகும். அப்பொழுது பெடல் தடையின்றித் தரைவரை அமிழும். விடாத பிரேக்கு பிடிக்காத பிரேக்காய் மாறுவது இங்ஙனமே.

சில மைல் ஓட்டியபின், கூடியவரை பிரேக்கை மிதியாது வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டிரத்தின் அருகேயும் கையை நீட்டி வெம்மையை அறிக, டிரத்தைத் தொடலாகாது. ஒரு சக்கரம் மட்டும் மிகச் சுடின் கோளாறு அதனைச் சார்ந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் சுடின், பின் அச்சிற்குச் செல்லும் ரப்பர் குழாயையும், அச்சக்கரங்களுடன் இணைந்திருப்பின் கைப்பிரேக்குக் கம்பியையும் ஐயுறுக. நான்கும் சுடின் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் நோக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரில் ஊசித்துளை போன்றதொரு சிறு துவாரம் உண்டு. பெடலை விட்டதும் மிகுதித் திரவம் இதன் வழியே தொட்டிக்கு மீளும். தள்ளுகோல் அளவிற்கு மேல் நீட்டப்பட்டிருப்பின், பிஸ்டனின் ரப்பர் வளையம் அத்துவாரத்தை மூடியே நிற்கும். சூட்டினால் விரியும் திரவம் மீள வழியின்றி ஷூக்களை மேன்மேலும் நெருக்கும். காலையில் செவ்வையாயிருந்த வண்டி சந்தை வழியில் இறுகுவதும், நிழலில் ஆறியபின் தானே விடுவதும் இதனாலேயே. இதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய வில்லிஸ் ஜீப்பிற்குப் பெடலில் 1/2 அங்குலத் தளர்வு விதிக்கப்பட்டிருந்தது.

பிரேக்குத் திரவத்திற்குப் பதிலாக என்ஜின் எண்ணெயை ஊற்றுவது கொடிய வழக்கம். ரப்பர் உறுப்புகள் ஊதிப் பெருத்து அதே துவாரத்தை அடைக்கும். ஊற்றிவிட்டால் குழாய்களைக் கழுவுவதோடு ரப்பர் அனைத்தையும் மாற்றியே ஆகவேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் பற்றுமாயின், ஏனைய சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, அதனை ஜாக்கியில் தூக்கி, காற்று நீக்கும் நிப்பிளைச் சிறிது திறக்க. திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபடின், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடியும் இறுகச் செய்து, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள குழாய் மூட்டைத் தளர்த்துக. அப்பொழுதும் விடாதாயின் பெரும்பாலும் ரப்பர் குழாயே குற்றவாளி. புறத்தே புதிதுபோல் தோன்றினும் அது உள்ளே வீங்கி, திரவத்தைப் போகவிட்டு வரவிடாது தடுக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாதாயின், துருப்பிடித்த வீல் சிலிண்டர் பிஸ்டன், தளர்ந்த ஸ்பிரிங், மழையில் நின்று டிரத்தோடு ஒட்டிய ஷூ ஆகியவற்றைப் பார்க்க.

சிறிது மிதித்த அளவிலேயே ஒரு சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்வது வேறு நோய். அச்சின் ஸீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் படிவதால் இது நேரலாம். ஸீலை மாற்றி, லைனிங்கை இருபுறமும் சேர்த்தே புதுப்பிக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றின் வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. டிரத்தைக் கழற்றுங்கால் வாயால் ஊதாது ஈரத்துணியால் துடைக்க. மூட்டுகளைத் தளர்த்தியபின் காற்றை முற்றும் நீக்கி, பெடல் கெட்டியாய் நிற்கும்வரை வண்டியைச் சாலைக்குக் கொணரலாகாது.